அச்சுப்பிழை என்று நான் சொன்ன வசனம்

“சம்பந்தி, கார்டுல ஒரு வசனம் போட்டிருக்கீங்களே, அது எங்கன இருக்கு?”

போனில் கேட்டவர் சுரண்டை ஞானசிகாமணி சார். என் மகள் பெர்சியைக் கட்டப்போகிற மாப்பிள்ளையின் அப்பா. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. முந்தின நாள்தான் அவர் வீட்டுக்கான அழைப்பிதழ்க் கட்டுகளைப் பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தேன்.

தென்காசியில் அன்று காலையிலிருந்தே சாரல். சாரல் நாளில் என் கடைக்குள் ஒரு வாசனை அடிக்கும். ஈரம் குடித்த ஆர்ட் பேப்பரும் மையும் கலந்த வாசனை. கார்டுகளின் ஓரம் சுருண்டுவிடாமல் இருக்க, அவற்றின்மேல் பழைய டைரிகளை அடுக்கி வைத்திருந்தோம். நான் ஒரு கையில் டீ கிளாசோடு நின்றுகொண்டிருந்தேன்.

சார் நிதானமாகச் சொன்னார். பைபிளை ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் இரண்டு தடவை புரட்டியாகிவிட்டதாம். கார்டில் குறித்திருக்கிற தோபித்து என்று ஒரு ஆகமமே வேதத்தில் இல்லையாம். அவருடைய அண்ணன், மதினி, அண்ணன் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு பைபிளை மடியில் வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

எனக்குத் தெரியும். அந்த ஆகமம் எங்கே இருக்கிறது, அவர்கள் கையிலிருக்கும் பைபிளில் ஏன் இல்லை, எல்லாம் தெரியும். தெரிந்தும் என் வாய் சொன்னது இதுதான்:

“அது அச்சுப்பிழை சார். டிசைன் பண்ணுத பொம்பள தப்பா அடிச்சிட்டா.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கம்ப்யூட்டர் முன்னால் இசக்கி. பதினெட்டு வருஷமாக என் கடையில் டிசைன் செய்கிற அதே ‘பொம்பள’. அவளுக்குப் பின்னால், மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு என் மனைவி செல்வமேரி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். செல்வமேரி தூக்கை பெஞ்சில் வைத்தாள், குடையை விரித்தாள், போய்விட்டாள். அன்றைக்குத் தூக்கில் என்ன குழம்பு இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

மேல் வரி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒரு விஷயம். நான் கல்யாணக் கார்டு கடைக்காரன். தென்காசியைச் சுற்றி இருபது மைல் தூரத்துக்கு யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், பொண்ணு மாப்பிள்ளைக்கு அடுத்தபடி எனக்குத்தான் முதலில் தெரியும்.

இந்தத் தொழிலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மேல் வரி உண்டு, கார்டின் உச்சியில் சாமி பெயரோ வசனமோ வருகிற வரி. மேலகரத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டார், குலதெய்வத்தின் பெயர் மணமகனின் பட்டப்படிப்பைவிடச் சின்ன எழுத்தில் வந்துவிட்டது என்று மொத்தக் கட்டையும் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். நியாயம்தான். சாமி பி.இ. படித்தவனைவிடச் சின்னவர் இல்லையே. மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

கடையநல்லூர்க்காரர்கள் இன்னொரு விதம். மாப்பிள்ளை துபாயில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸாப்பில் ப்ரூஃப் பார்ப்பார். வீட்டுப் பெரியவர் நேரில் வந்து, அச்சில் வீணாய்ப்போன தாள்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். அல்லாஹ்வின் பெயர் உள்ள தாள் யார் காலிலும் மிதிபடக் கூடாது என்பார். அந்த வீணாய்ப்போன தாளை அவர் மடித்து எடுத்துப்போகிற அழகைப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஆட்கள், அதாவது வேதக்காரர்கள் என்று ஊர் சொல்கிற கிறிஸ்தவர்கள், இருக்கிறார்களே, அவர்கள் தனி ரகம். மேல் வரியில் பைபிள் வசனம் போட்டு, எந்த ஆகமம், எத்தனையாவது அதிகாரம், எத்தனையாவது வசனம் என்று கீழே குறித்தே ஆக வேண்டும். மற்றவர்கள் மேல் வரியைக் கும்பிட்டுவிட்டு முகூர்த்த நேரத்தைப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைபிளை எடுத்துச் சரிபார்ப்பார்கள். ஒரு எண் மாறியிருந்தால் போன் வந்துவிடும்.

இது எனக்குத் தெரியாதா என்ன? அப்படியிருந்தும் சொந்த மகள் கல்யாணக் கார்டில் எங்கள் பைபிளிலேயே இல்லாத வசனத்தை அச்சடித்தேன். அதன் கதை முப்பத்தோரு வருஷம் பின்னால் போகிறது.

தள்ளுபடி

செல்வமேரி ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்துப் பெண். ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் புராட்டஸ்டண்டு. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாரும் ஒரே சிலுவைதான். உள்ளே இருந்து பார்த்தால் தெரியும் சங்கதி. நாங்கள் ஆராதனைக்குப் போவோம், அவர்கள் பூசைக்குப் போவார்கள். எங்களுக்கு ஞானஸ்நானம், அவர்களுக்குத் திருமுழுக்கு. எங்கள் பைபிளில் அறுபத்தாறு ஆகமம். அவர்கள் பைபிளில் எழுபத்து மூன்று.

அந்த அதிகப்படி ஏழு ஆகமங்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது: தள்ளுபடி ஆகமங்கள். ஞாயிறு பள்ளியில் எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார், அவற்றைத் தொடக்கூடச் செய்யாதே என்றுதான் சொல்லிக் கொடுத்தார். தென்காசியில் தள்ளுபடி என்றால் ஆடி மாதம் ஜவுளிக்கடையில் கூட்டம் அலைமோதும். இந்தத் தள்ளுபடிக்கு மட்டும் ஒருத்தரும் வரமாட்டார்கள்.

அவள் என் கடைக்கு வந்தது அக்காள் கல்யாணக் கார்டு அடிக்க. ப்ரூஃபை வாங்கிப் பார்த்தவள், அவள் அப்பாவின் பெயரில் நான் விட்டிருந்த ஒரு எழுத்தைச் சுட்டிக்காட்டினாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், நான் ஆள் காலி.

இரண்டு வீட்டிலும் பெரிய ரகளை. கடைசியில் எங்கள் கோவிலில்தான், அதாவது எங்கள் சர்ச்சில்தான், கல்யாணம் என்று முடிவானது. அவள் வீட்டார் ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை. எங்கள் வீட்டார் அவர்களுக்கும் சேர்த்து வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னவள், பெட்டிக்குள் தன்னுடைய பைபிளை மட்டும் வைத்துக் கொண்டுவந்தாள். அதை எங்கள் பைபிளோடு ஒரே மேஜையில் வைக்க என் அம்மா விடவில்லை. மேலே ரேக்கில் வைக்கச் சொன்னாள். செல்வமேரி எதிர்த்துப் பேசாமல் ஸ்டூல் போட்டு ஏறி வைத்தாள். நானும் பக்கத்தில் நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு என் வீரம் அந்த அளவுதான்.

குற்றாலத்து ரூம்

கல்யாணத்துக்கு மறுநாள் குற்றாலம் போனோம். நல்ல சீசன். பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு நேந்திரங்காய் சிப்ஸும் மங்குஸ்தானும் வாங்கிக்கொண்டு ரூமுக்கு வந்தோம். பகல் மூன்று மணி இருக்கும். எனக்கு அகோரப் பசி.

சாப்பிடுவதற்கு முன்னால் ஒன்று வாசிக்கலாமா என்று கேட்டாள். பெட்டியைத் திறந்தால், ரேக்கில் இருக்க வேண்டிய புத்தகம் உள்ளே இருக்கிறது. எனக்குத் தெரியாமல் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்திருக்கிறாள்.

அவள் வாசித்தது தோபித்து ஆகமம். தொடாதே என்று சொல்லப்பட்ட ஏழில் ஒன்று. கதையை என் பாஷையில் சொல்கிறேன்.

சாரா என்று ஒரு பெண். அவளுக்கு ஏழு தடவை கல்யாணம் நடக்கிறது. ஏழு மாப்பிள்ளைகளையும் ஒரு பேய் முதல் இரவிலேயே கொன்றுபோடுகிறது. வீட்டு வேலைக்காரிகூட அவளை, புருஷனைத் தின்றவள் என்று ஏசுகிறாள். வெகுதூரத்து ஊரில் தோபித்து என்று கண் தெரியாத ஒரு நல்ல மனுஷன். அவர் மகன் தோபியா பயணம் வருகிறான். ஆள் வேஷத்தில் ஒரு வானதூதர் வழித்துணை. கூடவே ஒரு நாயும் போகிறது. அந்தத் தோபியா, எட்டாவதாக சாராவைக் கட்டுகிறான்.

கல்யாண அறைக்குள் போனதும் அவன் செய்கிற முதல் காரியம், அவளை எழுப்பிக் கூட நிறுத்திச் செபம் பண்ணுவது. எங்கள்மேல் இரக்கம் வையும், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வயதாகும்படி செய்யும் என்று கேட்கிறான். வெளியே மாமனார், எதற்கும் இருக்கட்டும் என்று இவனுக்கும் ஒரு குழி வெட்டிக்கொண்டிருக்கிறார்.

குழி வெட்டுகிற இடம் வந்ததும் நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்தச் செபத்தைத் தங்கள் கல்யாணப் பூசைகளில் வாசிப்பார்கள் என்றும், தன் கல்யாணத்திலும் யாராவது வாசிப்பார்கள் என்று சின்ன வயதிலிருந்து நினைத்திருந்ததாகவும் சொன்னாள். நேற்று எங்கள் கோவிலில் அதை வாசிக்க வழியில்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு அப்படியே முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. புத்தகத்தை வாங்கி, தோபியாவின் பங்கை நான் சத்தமாக வாசித்தேன். ஆமென் என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் கல்யாண நாள் அன்று அதை வாசித்து வருகிறோம். அம்மா இருந்த காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, பிறகு திறந்து வைத்துக்கொண்டு.

ஜன்னல் பக்கம்

பெர்சிக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. இதை நான் இதுவரை எழுதியதில்லை. எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது போன பிறகு, தெருக்குழாயடியில் எங்கள் சபைப் பெண் ஒருத்தி, மாதாவைக் கும்பிட்டவளைக் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும் என்று செல்வமேரியின் காதுபடச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து ஒரு மாதம் அவள் மாடியைவிட்டு இறங்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். மடியில் அந்தப் புத்தகம். என்ன வாசிக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயம். நான் அழுதுவிடுவேனோ என்றும் பயம்.

ஒரு நாள் தானாகவே இறங்கி வந்தாள். கத்தரிக்காய் வாங்கிவரச் சொன்னாள். நான் இரண்டு கிலோ வாங்கி வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஒரே ஒரு ஆசை

மகளுக்குக் கார்டு அடிக்கிற நேரம் வந்தபோது, காகிதம், நிறம், படம் எதிலும் செல்வமேரி தலையிடவில்லை. மேல் வரி மட்டும் தான் சொல்வதாக இருக்க வேண்டும் என்றாள். தோபியாவின் அந்தச் செபம். கீழே, தோபித்து என்ற பெயரும் எட்டாம் அதிகாரமும்.

நான் கொஞ்சம் யோசித்தேன். அப்புறம் எனக்கு மிதப்பு வந்துவிட்டது. என் மகள், என் கடை, என் காகிதம், எவன் கேட்பான் என்று மார்தட்டினேன். இசக்கியிடம் புத்தகத்தைக் கொடுத்து, பார்த்து அடிக்கச் சொன்னேன். அவள் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிற பெண். அந்தப் புத்தகத்தை வாங்குவதற்கு முன்னால் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

எவன் கேட்பான் என்றேன் அல்லவா? சம்பந்தியே கேட்டார். என் மார்தட்டல் ஒரு டீ குடிக்கிற நேரம்கூடத் தாங்கவில்லை.

பேசாத வீடு

அச்சுப்பிழை என்று நான் சொன்னதும் சாருக்கு நிம்மதி. நல்ல வசனமாகப் போட்டு வேறு கார்டு அடித்துவிடுங்கள் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இது வேண்டுமென்று போட்டதாக இருந்தால் தன் அண்ணன் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசிக்க வேண்டாம் என்று ஐயரிடம், அதாவது கோவில் போதகரிடம், போய்ச் சொல்லிவிடுவார் என்றார். ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு கோவிலில் வாசிக்க வேண்டும். அது நின்றால் கல்யாணம் நின்றது என்று அர்த்தம்.

ஆகவே எனக்கு இரண்டே வழி. பொய்யை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கார்டு அடிப்பது. இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லி மகள் கல்யாணத்தை நடுத்தெருவில் நிறுத்துவது.

வீட்டில் செல்வமேரி சோறு போட்டாள், பேசவில்லை. மறுநாளும் அப்படியே. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கடையில் இசக்கி பேசினாள்.

“அண்ணாச்சி, பதினெட்டு வருசமா அடிக்கேன். ஒரு புள்ளி மாறியிருக்கா? அந்த வரிய எழுத்தெழுத்தா பாத்து அடிச்சேன். பிழைன்னு எம்மேல போட்டீங்க, போவட்டும், நான் தாங்கிக்கிடுவேன். செல்வமேரி மதினி தாங்குவாகளா?”

சாயங்காலம் சென்னையிலிருந்து பெர்சி கூப்பிட்டாள். அங்கே ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். யார் சொன்னார்களோ, முழுக் கதையும் தெரிந்திருந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அம்மாவையாப்பா அச்சுப்பிழைன்னு சொன்னீங்க?”

அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை செல்வமேரியிடம் போய், சுரண்டைக்குப் புறப்படு, நான் சொன்னதைத் திருப்பி வாங்கப் போகிறேன் என்றேன். கல்யாணம் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. தெரியாது என்றேன். அவள் முகத்தைக் கழுவி, நல்ல சேலையாக ஒன்று எடுத்துக் கட்டி, புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

சுரண்டையில்

ஞானசிகாமணி சார் வீட்டு முன்னறையில் அவருடைய அண்ணனும் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பைபிள். நாங்கள் சமாதானத்துக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து வரவேற்றார்கள். காப்பி வந்தது.

“சார், அது அச்சுப்பிழை இல்ல. தெரிஞ்சுதான் போட்டேன். போன்ல பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டேன். அந்தப் பிள்ளையும் தப்பா அடிக்கல” என்றேன்.

அண்ணன் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார். தள்ளுபடி ஆகமத்தை மேலே போட்ட கார்டை எங்கள் உறவுமுறையில் யார் கையில் கொடுப்பது, கோவிலுக்கு எந்த முகத்தோடு போவது என்று சத்தம் போட்டார். அவர் கோபத்தில் கள்ளம் இல்லை. வேதத்தின் மேல் இருந்த பயபக்திதான் அப்படிப் பேசியது. எனக்கும் அது புரிந்தது.

செல்வமேரி அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சாரைப் பார்த்துப் பேசினாள்.

“தள்ளினது தப்புன்னு நான் சண்டைக்கு வரல சார். எனக்கு ரெண்டு பிள்ளை வயித்துலயே போச்சு. ஊரு ஏசுச்சு. அப்பம் என்னய மாதிரியே ஏச்சு வாங்குன ஒருத்தி இதுலதான் இருந்தா. சாரான்னு பேரு. ஜன்னல்கிட்ட நின்னு அவ ஆண்டவர்கிட்ட பேசுனா. நானும் பேசுனேன். அப்படித்தான் நான் மாடிய விட்டு எறங்கி வந்தேன்.”

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் கேட்காத கேள்விக்கு, சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து பதில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சார் தலைமை ஆசிரியர் அல்லவா, விடவில்லை. பிள்ளை இல்லாமல் அழுத அன்னாள் நம் வேதத்திலேயே இருக்கிறாளே, அவளை வாசித்திருக்கலாமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானே ஒரு நிமிஷம் ஆடிப்போனேன்.

“அன்னாளையும் வாசிச்சேன் சார். அன்னாள் பிள்ளை கேட்டு அழுதா. இவ சாவு கேட்டு அழுதா. எனக்கு அன்னைக்கு இவதான் வேண்டியிருந்துச்சு.”

அண்ணன் எப்போது உட்கார்ந்தார் என்று நான் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்தார்.

எனக்கு மேல் படிப்பு கிடையாது. எந்த ஆகமத்தை யார், எந்தக் காலத்தில், எதற்காகத் தள்ளினார்கள் என்று வாதாட எனக்கு வராது. ஆனால் அந்த நிமிஷம் ஒன்று தெரிந்தது. ஒரு புத்தகம் ஒரு மனுஷியைச் சாவிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்த மனுஷி என் பெண்டாட்டி. அங்கேயே எழுந்து நின்று இவள் என் பெண்டாட்டி என்று கத்தலாம் போல இருந்தது.

பதினாலு அதிகாரம்

சார் கையை நீட்டினார். அவள் புத்தகத்தைக் கொடுத்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தோபித்தின் முதல் அதிகாரத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரியே வாசித்தார். ஒரு விரல் வரிமேல் ஓடுகிறது, உதடு அசைகிறது. மொத்தம் பதினாலு அதிகாரம். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காப்பி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நிமிர்ந்தார்.

“நாயும் கூடப் போவுதா?” என்று கேட்டார்.

“ஆமா சார்” என்றாள்.

“சரி” என்று மறுபடி குனிந்தார். மாமனார் குழி வெட்டுகிற இடத்தில் அவர் மீசை லேசாக அசைந்தது. சிரித்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். அவரைக் கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினார். நல்ல நூல் என்றார். அவர் சின்னவராக இருந்தபோது சுரண்டையில் இருந்த பழைய ஐயர் ஒருவர், இவற்றை நல்ல நடத்தை கற்றுக்கொள்ள வாசிக்கலாம், விசுவாசத்துக்கு ஆதாரமாக வைக்கக் கூடாது என்று சொல்வாராம். தானும் அந்தக் கட்சிதான் என்றார். வேதம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன், பொய் சொல்ல வராது என்றார். பொய் என்கிறபோது என்னைப் பார்த்தாரோ என்று எனக்குச் சந்தேகம்.

பிறகு ஒரு வழி சொன்னார். மேல் வரி அப்படியே இருக்கட்டும், கீழே இருக்கிற தோபித்து என்ற பெயரையும் அதிகார எண்ணையும் மட்டும் எடுத்துவிடலாம். வெறும் ஜெபம் மாதிரி இருக்கும், யாரும் தேடமாட்டார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதைவிட நல்ல வழி யார் தருவார்கள்? நான் தலையாட்டியும் விட்டேன்.

“பேர எடுத்துட்டா அந்த வரியும் வேண்டாம் சார். எங்கருந்து வந்துச்சுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எம் மக கார்டுல அது இருக்க வேண்டாம்” என்றாள் செல்வமேரி.

ஆட்டின தலையை நான் அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். சார், யோசித்துச் சொல்கிறேன் என்றார். புத்தகத்தை இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற வழியில், கல்யாணம் நின்றுபோனால் பெர்சி நம்மை மன்னிப்பாளா என்று செல்வமேரி கேட்டாள். பையை நான் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை

வியாழன் போனது, போன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. ஞாயிறு முதல் ஓலை. நான் கடைக்குப் போனேனே தவிர, ஒரு வேலையும் ஓடவில்லை. பாவூர்சத்திரத்து மாப்பிள்ளை ஒருவருக்கு வேறொருத்தர் வீட்டுப் பொண்ணின் பெயரை எழுதிக் கொடுக்கப் பார்த்தேன். இசக்கிதான் பிடித்தாள்.

சனிக்கிழமை பகலில், சாரலில் நனைந்துகொண்டு ஞானசிகாமணி சார் கடைக்கு வந்தார். இரண்டு கையிலும் பெரிய பைகள். நான் அனுப்பிய கார்டுக் கட்டுகள் அத்தனையும் உள்ளே இருந்தன. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். செல்வமேரிக்குப் போன் பண்ணி வரச் சொன்னேன். எது நடந்தாலும் இந்தத் தடவை அவள் இல்லாமல் நான் வாயைத் திறப்பதாக இல்லை.

அவள் வந்ததும் சார் ஒரு கார்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நாளைக்கு ஓலை வாசிக்காங்க. அண்ணன்கிட்ட பேசிட்டேன், வருவாரு. நம்ம ஆளுங்க பைபிளப் புரட்டித் தேடி ஏமாறக் கூடாது பாருங்க. அதுக்காகக் கீழ ஒரு குறிப்பு எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க.”

தோபித்து என்ற பெயரும் அதிகார எண்ணும் அச்சடித்தபடியே இருந்தன. அதற்குக் கீழே, சிவப்பு மையில், தலைமை ஆசிரியரின் சாய்வு இல்லாத குண்டு எழுத்தில் இரண்டே வரி:

இந்த வசனம் நம் வேதாகமத்தில் இல்லை. மணமகளின் தாயாருடைய வேதாகமத்தில் இருக்கிறது.

செல்வமேரி படித்தாள். மறுபடியும் படித்தாள். இசக்கி நாற்காலியைவிட்டு எழுந்துவந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். சாருடைய ஆள்காட்டி விரலில் சிவப்பு மை அப்பியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

“எத்தன கார்டுல சார் எழுதியிருக்கீங்க?” என்று கேட்டாள் செல்வமேரி.

“எல்லாத்துலயும்தான்” என்றார் சார்.